ஊரைச் சுற்றிய தண்ணீர்

சுண்டங்குளத்துக்கு வாரத்தில் மூன்று நாள் தபால் கொண்டுபோகிறவன் நான். ஊரின் பெயரில்தான் குளம் இருக்கிறது, ஊரில் இல்லை. குளம் இருந்த இடத்தில் இப்போது கிரிக்கெட் ஆடுகிறார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் நாலு பேர் மீன் வளர்த்தார்கள். அதில் பாதியை நானே கண்ணால் பார்த்தேன், மீதியை ராமுத்தாய் அக்கா சொல்லக் கேட்டேன். அந்த நாலு பேரிடமும் தனித்தனியாக விசாரித்தேன். அவர்கள் சொன்னதும் இதேதான், ஆனால் பெருமையாகச் சொன்னார்கள்.

நாலு பேரில் மூத்தவர் தவசிக்கண்ணு, ராமுத்தாயின் புருஷன். எதையும் யோசிக்காமல் செய்யமாட்டார். நன்றாக யோசித்த பிறகுதான் தப்பாகச் செய்வார். ராமுத்தாயின் தம்பி பூவலிங்கம் எட்டாவது வரை படித்தவன், அதனால் சந்தேகம் தீர்த்துவைக்கிற பொறுப்பு அவனுடையது. மிக்கேல் வாட்டசாட்டமான ஆள், என்ன சொன்னாலும் செய்வான். கடைசியாகச் சங்கிலி. அவன் எவ்வளவு ஒல்லி என்றால், காற்றடிக்கிற நாளில் சைக்கிளில் ஏறமாட்டான்.

ராமுத்தாய் அந்த ஊர் மகளிர் குழுவின் தலைவி. இந்த நாலு பேரையும் ஏதாவது ஒரு தொழிலில் உட்காரவைத்துவிட வேண்டும் என்று அவளும் பார்த்தாள். முதலில் கோழிக்குஞ்சு வாங்கிக் கொடுத்தாள். குஞ்சுக்குச் சூடு வேண்டும், பெட்டிக்குள் பல்பு போடுங்கள் என்று விற்றவர் சொன்னார். போட்டார்கள், ஆறு பல்பு. ஒயர் இழுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்தது காளான். இருட்டறையில் தானாக வளரும், கதவைத் திறக்கக் கூடாது என்று சொல்லப்பட்டது. அந்த அறை இன்றுவரை திறக்கப்படவில்லை. உள்ளே காளான் எவ்வளவு உயரத்துக்கு வந்திருக்கிறது என்பது ஒருவருக்கும் தெரியாது.

மூன்றாவதுதான் மீன்.

குழுவுக்குச் சொந்தமான கொட்டகையில் பெரிய வட்டத் தொட்டி ஒன்று வந்து இறங்கியது. கூடவே ஒரு மோட்டார், இரண்டு டிரம், ஏழெட்டுக் குழாய். பயிற்சி கொடுக்க டவுனிலிருந்து நூர்ஜஹான் என்கிற அதிகாரி வந்தார். ஊரில் எல்லாரும் அவரை மீன் மேடம் என்றுதான் சொன்னார்கள்.

"தொட்டித் தண்ணி இந்தக் குழாய் வழியா முதல் டிரம்முக்குப் போகும். அழுக்கு அங்க தங்கிரும். அப்புறம் ரெண்டாவது டிரம். அங்க சுத்தமாகி, மோட்டார் வழியா திரும்பத் தொட்டிக்கே வந்துரும். ஒரே தண்ணிதான், திரும்பத் திரும்ப. ஆவியாப் போறதை மட்டும் அப்பப்ப ஊத்தினாப் போதும்" என்று மேடம் விளக்கினார். "ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. தண்ணி சுத்திக்கிட்டே இருந்தாத்தான் சுத்தமா இருக்கும்."

நாலு பேரும் தலையாட்டினார்கள். பூவலிங்கம் அதை நோட்டில் எழுதிக்கொண்டான்.

மேடம் போன பிறகு ராமுத்தாய் நாலு பேரையும் நிற்கவைத்துச் சொன்னாள்: "ரெண்டு லாரித் தண்ணி. குழுவுல பன்னெண்டு பொம்பளைக அவங்கவங்க முறைத் தண்ணிய விட்டுக்குடுத்து ரொப்பினது. இதுக்கு மேல ஒரு குடம் கிடையாது. தண்ணியும் போகக்கூடாது, மீனும் சாகக்கூடாது. ரெண்டுல ஒண்ணு போச்சுன்னாலும் நாலு பேரும் எங்க சித்தப்பா செங்கச்சூளைக்குப் போயிரணும். அவரு ஆள் கேட்டுக்கிட்டே இருக்காரு."

சூளை என்றதும் மிக்கேலுக்கே வியர்த்துவிட்டது.

மீன்குஞ்சு வருவதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. இரண்டாவது டிரம்மில் கறுப்பாக, சின்னச் சின்னச் சக்கரம் மாதிரி பிளாஸ்டிக் துண்டுகள் கிடந்தன. மீன் கழிவில் இருக்கிற விஷத்தை முறிக்கிற நல்ல கிருமிகள் அதில்தான் வந்து ஒட்டிக்கொள்ளும். மோட்டாரை மட்டும் ஓட விடுங்கள், சில வாரத்தில் தானாக வந்து குடியேறிவிடும் என்று மேடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"நல்ல கிருமி வரும், சரி. கூடவே கெட்டதும் வந்துருச்சுன்னா?" என்று கேட்டார் தவசிக்கண்ணு.

நியாயமான கேள்விதான். டிரம்மைச் சுற்றி உட்கார்ந்து அரைநாள் யோசித்தார்கள். கடைசியில் பூவலிங்கம் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிட்டான்: 'நல்ல கிருமிகளுக்கு மட்டும் அனுமதி.'

சங்கிலி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஏண்ணே, கிருமிக்கு எழுத்து வாசிக்கத் தெரியுமா?"

"நல்லதுக்குத் தெரியும்."

"கெட்டதுக்கு?"

"தெரியாது. வாசிக்கத் தெரிஞ்சா அது ஏம்வே கெட்டுப் போகுது?"

"அப்ப வாசிக்கத் தெரியாதது உள்ள வந்துருமே?"

அட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஆளும் வேண்டும் என்றான் பூவலிங்கம். அதனால் மிக்கேலை டிரம் பக்கத்தில் கம்போடு உட்காரவைத்தார்கள். எது வந்தாலும் ஒரு அதட்டல் போட வேண்டும் என்று ஏற்பாடு. நான் தபால் கொண்டுபோனபோது என்னையும் அதட்டினான். மூன்று வாரம் கழித்து மேடம் வந்து தண்ணீரைச் சோதித்துவிட்டு, கிருமி ரொம்ப நன்றாகப் பிடித்திருக்கிறது என்றார். மிக்கேல் கம்பை ஓரமாகச் சாய்த்துவிட்டு முதல் தடவையாக முதுகை நிமிர்த்தினான்.

பிறகு எண்ணூறு ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகள் பிளாஸ்டிக் பைகளில் வந்தன. "உடனே தொட்டியில கொட்டிராதீங்க. புதுத் தண்ணிக்கு முதல்ல பழக்கணும்" என்றார் மேடம். தவசிக்கண்ணு தொட்டியில் விரலை முக்கி ஒவ்வொரு பையிலும் ஒரு சொட்டு விட்டு, "இதுதான் நம்ம தண்ணி. நல்ல தண்ணி. ஒண்ணும் செய்யாது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பையோடு தொட்டியில் மிதக்கவிட வேண்டும் என்பதை மேடமே செய்துகாட்டும்படி ஆனது.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். குஞ்சுகள் தண்ணீரில் இறங்கி, கூட்டமாக ஒரு வட்டம் போட்டுத் திரும்பிய நேரத்தில் நாலு பேரும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த ஊரில் பிறந்து வளர்ந்து, உயிரோடு மீன் நீந்துவதை அவர்கள் பக்கத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. சங்கிலி மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்குப் போகவில்லை.

தீனி விஷயத்தில் மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "தின்னுற அளவு மட்டும் போடுங்க. மிச்சம் கிடந்தா தண்ணி கெட்டுரும். மிச்சம் வைக்கக்கூடாது." அவர்களும் வைக்கவில்லை. மீன் தின்றது போக மிதந்ததை வடிகட்டியில் அள்ளி, நாலு பங்காகப் பிரித்து, தாங்களே தின்று தீர்த்தார்கள். இரண்டாம் நாள் மிக்கேல் வீட்டிலிருந்து கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவந்தான்.

இரண்டாவது மாதத்தில் ஒருநாள், காலை பதினொரு மணி வாக்கில் கரண்டு போய்விட்டது. மோட்டார் நின்றது. குழாயில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர் நூலாகி, சொட்டாகி, நின்றது. தவசிக்கண்ணு மேடத்துக்குப் போன் போட்டார்.

"பதறாதீங்க. கரண்டு வர்ற வரைக்கும் கையால தண்ணியச் சுத்த விடுங்க. மோந்து, சுத்தி, திரும்பத் தொட்டியிலயே ஊத்துங்க. நிறுத்தாதீங்க" என்றார் மேடம்.

நாலு பேரும் நாலு குடத்தை எடுத்தார்கள். மோந்தார்கள். சுற்றுவதற்குக் கிளம்பினார்கள்.

"எதைச் சுத்தணும்னு சொல்லலையே" என்றான் மிக்கேல் வாசலில்.

"எதைச் சுத்துவாக? ஊரைத்தான்" என்றார் தவசிக்கண்ணு.

"வலமாவா இடமாவா?"

பூவலிங்கம் நோட்டைப் புரட்டினான். அதில் ஒன்றும் இல்லை. நல்ல காரியம் என்பதால் வலமாகவே போவது என்று முடிவானது. கீழத்தெரு வழியாக ஏறி, ரேஷன் கடையைக் கடந்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வளைந்து, காளான் இருக்கிற அறையைத் தாண்டித் திரும்ப வர வேண்டும். ஒன்றரை மைல். தண்ணீர் சிந்தக்கூடாது என்பதால் பையப் பைய நடந்தார்கள். ரேஷன் கடை வரிசையில் நின்ற பெண்கள், நாலு ஆண்கள் நிறைகுடத்தோடு போவதைப் பார்த்து எங்கே தண்ணீர் வருகிறது என்று வீட்டிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

முதல் சுற்று முடிந்து தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினார்கள். இரண்டாவது சுற்றுக்கு மோக்கும்போது சங்கிலி நின்றுவிட்டான். மீன்கள் எல்லாம் மேலே வந்து, வாயை வாயைத் திறந்துகொண்டிருந்தன.

"என்னமோ சொல்லுது" என்றான்.

நாலு பேரும் தொட்டி விளிம்பில் காதை வைத்துக் கேட்டார்கள். எண்ணூறு வாய் திறந்து மூடியது. ஒரு சத்தமும் இல்லை. அப்போதுதான் ஒரு குஞ்சு மெல்லச் சாய்ந்து, வெள்ளை வயிற்றைக் காட்டியது. சங்கிலியின் கண்ணில் மளமளவென்று தண்ணீர் இறங்கிவிட்டது. "அண்ணாச்சி, அதுக்கு மூச்சு முட்டுது. வேகமாச் சுத்தணும், ஓடியே சுத்தணும்" என்று குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினான்.

எதிரே ராமுத்தாய் வந்தாள். ஒரு பார்வையில் அவளுக்கு விளங்கிவிட்டது. அவன் இடுப்பிலிருந்த குடத்தைப் பிடுங்கினாள். தொட்டியிலேயே மோந்து, தலைக்கு மேலே தூக்கி, தொட்டியிலேயே தொபுதொபுவென்று ஊற்றினாள். நுரை பொங்கியது. மீன்கள் நுரைப் பக்கம் ஓடிவந்தன.

"இப்படிச் சுத்துங்கய்யா. நின்ன இடத்துலயே."

பின்னால் வந்திருந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒன்றரை மணி நேரம், பதினைந்து குடம், ஒரு நிமிஷம் நிற்காமல். கரண்டு வந்து மோட்டார் உறுமியபோது தவசிக்கண்ணுக்குக் கையைக் கீழே இறக்கவே முடியவில்லை. ராமுத்தாய்தான் பிடித்து இறக்கிவிட்டாள். மொத்தம் ஒன்பது குஞ்சு செத்திருந்தது. சங்கிலி ஒன்பதையும் கொட்டகைக்குப் பின்னால் புதைத்துவிட்டு வந்தான்.

"மதினி செஞ்சது சரிதான். ஆனா ஊரைச் சுத்தாம தண்ணி எப்படிச் சுத்தமாச்சுன்னுதான் விளங்கலை" என்று மிக்கேல் மட்டும் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தான்.

நாலாவது மாதம் மேடத்திடமிருந்து இன்னொரு போன் வந்தது. போனவாரம் எடுத்துப்போன தண்ணீரைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். "தண்ணியில காரம் குறைஞ்சிருக்கு. பயப்படாதீங்க, வீட்டுல சமையலுக்கு வச்சிருக்கிறதே போதும். கொஞ்சங் கொஞ்சமாக் காரம் சேருங்க."

நாலு பேரும் ஆளுக்கொரு கை தண்ணீர் அள்ளிக் குடித்துப் பார்த்தார்கள். உண்மைதான். காரமே இல்லை.

தவசிக்கண்ணு வீட்டு அடுக்களையிலிருந்து மிளகாய்ப்பொடி டப்பா வந்தது. ஆனால் கொட்டுகிற நேரத்தில் சங்கிலி குறுக்கே நின்றான். "சின்ன உசுரு. தாங்குமோ என்னமோ. முதல்ல ஒரு ஆள் மேல போட்டுப் பாப்போம்."

இது எல்லாருக்கும் சரியாகப் பட்டது. மாடு தண்ணீர் குடிக்கிற தொட்டியில் இருந்த தண்ணீரில் கால் டப்பா பொடியைக் கலக்கி, மிக்கேலைக் கழுத்தளவுக்கு உட்காரவைத்தார்கள். பூவலிங்கம் நோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எப்படிவே இருக்கு?"

"ஆரம்பத்துல ஒண்ணும் தெரியலை."

"இப்ப?"

மிக்கேலின் முகம் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. "இப்பக் காரம் போதும்னு தோணுது" என்றான்.

"நீந்த முடியுதா?"

"நீந்த முடியலை. ஓட முடியும்போல இருக்கு."

ஓடினான். ராமுத்தாய் வீட்டு மோர்ப்பானையில் போய்த்தான் நின்றான். அவள் விஷயத்தைக் கேட்டுவிட்டு மேடத்துக்குப் போன் பேசினாள். மேடம் சொன்ன காரம் ஆப்பசோடா. தண்ணீரில் புளிப்பு ஏறினால் அதை முறிப்பதற்குப் போடுவது. ராமுத்தாயே அளந்து போட்டாள். மிக்கேல் இரண்டு நாள் உட்காராமல் நின்றுகொண்டே சாப்பிட்டான். ஆனாலும் மீனுக்குப் பதிலாகத் தான் பட்டதில் அவனுக்கு ஒரு திருப்தி இருந்தது.

இப்படியாக ஆறு மாதம் ஓடியது. மீன் உள்ளங்கையைத் தாண்டி வளர்ந்துவிட்டது. பிடிக்கிற நாள் குறிக்க மேடம் போன் செய்தார்.

"சனிக்கிழமை காலையில பிடிச்சிரலாம். பிடிக்கிறதுக்கு முன்னால ரெண்டு நாள் பட்டினி. ஒண்ணும் குடுக்கக்கூடாது, தண்ணி மட்டும் போதும். வயிறு காலியா இருந்தாத்தான் ருசியா இருக்கும்."

தவசிக்கண்ணு போனை வைத்துவிட்டு மற்றவர்களைப் பார்த்தார். "ரெண்டு நாள் பட்டினியாம்."

"விரதம் மாதிரியா?" என்றான் பூவலிங்கம்.

"அப்படித்தான். வயிறு காலியா இருந்தாத்தான் ருசியா இருக்குமாம்."

"அது உள்ளதுதான அத்தான். பசியோட தின்னா எது ருசியா இருக்காது?"

"மீனுக்கு?" என்று கேட்டான் சங்கிலி.

"மீனைப் பத்தி மேடம் பேச்சே எடுக்கலை. அதுக்கு எப்பவும் போலப் போடுவோம். கடைசி ரெண்டு நாள் வேற, கூடவே போடுவோம்."

வியாழக்கிழமை காலையிலிருந்து நாலு பேரும் தண்ணீரைத் தவிர ஒன்றையும் தொடவில்லை. வீட்டில் ஆக்கிவைத்த சோறு வீணாகப் போகிறதே என்று அதையும் கொண்டுபோய் மீனுக்குப் போட்டார்கள். மீன் வாழ்க்கையில் பார்க்காத விருந்து. நாலு பேர் பங்கையும் மிச்சம் வைக்காமல் தின்று தீர்த்தது.

ராமுத்தாய் இதை வேறு மாதிரி புரிந்துகொண்டாள். வளர்த்த மீனை விற்கப் போகிற துக்கத்தில்தான் இவர்கள் சாப்பிடவில்லை என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் தவசிக்கண்ணுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சினாள். அவர் தட்டைப் பார்த்தார், எச்சில் விழுங்கினார், தட்டைத் தள்ளிவைத்தார். "நாளைக்குக் காரியம் நல்லபடியா முடியட்டும்" என்றார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவரைப் பெருமையாகப் பார்த்தது அன்றுதான். "சும்மா சொல்லக்கூடாது தபால்காரரே, நான் முந்தானையால கண்ணத் தொடச்சுக்கிட்டேன்" என்று என்னிடம் பிறகு சொன்னாள்.

சனிக்கிழமை காலை ஊரே கொட்டகையில் இருந்தது. நானும் இருந்தேன். வாங்குகிறவர்கள் பாத்திரத்தோடு வரிசையில் நின்றார்கள். மேடம் தொட்டி ஓரமாக இரண்டு கூடைகளை வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "வலையில வர்றதை அப்படியே பிரிச்சிரணும். பெருசெல்லாம் கூடைக்கு. சின்னதாத் தெரியிறதைத் திரும்பத் தொட்டியிலயே விட்டுருங்க, அடுத்த மாசம் பிடிச்சுக்கலாம்."

நாலு பேரும் வலையோடு தொட்டிக்குள் இறங்கினார்கள். நெஞ்சளவு தண்ணீர். மீன்கள் இரண்டு நாள் விருந்து தின்ற தெம்பில் இருந்தன. இவர்கள் இரண்டு நாள் தண்ணீர் குடித்த தெம்பில் இருந்தார்கள். முதலில் மிக்கேல், தலை கிறுகிறுக்கிறது என்று சொல்லிவிட்டு வலைக்குள் உட்கார்ந்தான். அவனைத் தூக்கக் குனிந்த பூவலிங்கம் அப்படியே அவன் மேல் சாய்ந்தான். மற்ற இரண்டு பேரையும் மீன்கள் இடித்தே உள்ளே தள்ளிவிட்டன.

"வலை கனக்குது, இழுங்கடி" என்றாள் ராமுத்தாய். பன்னிரண்டு பெண்களும் சேர்ந்து இழுத்தார்கள். வலை மேலே வந்தது. அதில் நாலு ஆண்கள், பதினோரு மீன்.

நாலு பேரையும் தரையில் கிடத்திக் கஞ்சி காய்ச்ச ஆள் ஓடியது. மேடம் ஒரு மீனை எடுத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வாய் வழியாக ஒரு சோற்றுப் பருக்கை எட்டிப்பார்த்தது.

"பட்டினி போடச் சொன்னேனே?"

"இருந்தோமே மேடம்" என்றார் தவசிக்கண்ணு, படுத்தபடியே. "பச்சத் தண்ணி மட்டுந்தான்."

மேடம் மீனைக் கூடையில் போட்டார். ராமுத்தாய் அவரைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள், பிறகு நேற்று நனைந்த முந்தானையைப் பார்த்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெண்களைக் கூட்டிக்கொண்டு வலையோடு அவளே தொட்டிக்குள் இறங்கினாள்.

ஒன்பது மணிக்குள் பிடித்து முடித்தார்கள், பத்து மணிக்குள் விற்று முடித்தார்கள். எண்ணூறில் ஒன்பதுதான் சேதம், தண்ணீர் முழுசாக அப்படியே இருக்கிறது, இப்படி ஒரு தொட்டியைத் தான் பார்த்ததே இல்லை என்று மேடம் இரண்டு தடவை சொன்னார். சூளைக்காரச் சித்தப்பாவுக்கு ஆள் இல்லை என்று ராமுத்தாய் அங்கிருந்தே தகவல் அனுப்பினாள்.

கஞ்சி வந்தது. நாலு கிண்ணம் ஊற்றினார்கள். மூன்று பேர்தான் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"சங்கிலி எங்க?" என்று கேட்டாள் ராமுத்தாய்.

தவசிக்கண்ணு கஞ்சியை உறிஞ்சிக்கொண்டே தொட்டிப் பக்கம் கையைக் காட்டினார். எல்லாரும் போய் எட்டிப்பார்த்தோம். திரும்ப விட்ட சின்ன மீன்களுக்கு நடுவில், நெஞ்சளவு தண்ணீரில், சங்கிலி அமைதியாக நின்றுகொண்டிருந்தான்.

"மேல வாங்க. அங்க என்ன பண்றீங்க?" என்றார் மேடம்.

"வலையில வந்த நாலு பேர்ல நான்தான் மேடம் சின்னவன்" என்றான் சங்கிலி.

"நீங்க வித்துக்கிட்டிருந்த நேரத்துல நாங்கதான் பாத்துப் பிரிச்சு விட்டோம்" என்றார் தவசிக்கண்ணு. "அடுத்த மாசம் பிடிச்சுக்கலாம்."

மேடம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மிக்கேல் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, ஒரு கைப்பிடி தீனி அள்ளி, சங்கிலி இருந்த பக்கமாகப் பார்த்துத் தூவினான்.